முற்பணம் வாங்கியவர், மாட்டேன் என்றவர்

விமானம், வீசா, வான், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாங்கள் தங்கிய மச்சாள் வீடு எல்லாம் இம்முறை நல்லபடி அமைந்தன. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐந்து கிழமை ஊரில் நின்றதில் மீன்பிடிச் சவாரிக்கென்று போன ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் ரொறொன்ரோ திரும்பிய பிறகும் மனதை விட்டுப் போகாமல் கிடக்கிறது. ஆடியில், அதாவது ஜூலையில், ஊருக்குப் போகிறவர்கள் பலபேர் இதே தவறைச் செய்யக்கூடும் என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் பிறந்தவர். எங்கள் ஊர்ச் சனத்தில் எத்தனையோ பேரைப்போல அவரும் கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சித்திரை வருசப்பிறப்புக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்தால் ஒருநாள் தெரிந்த ஆளின் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் தூண்டில் போடாமல் திரும்பமாட்டார். 1991இல் தீவை விட்டு வெளிக்கிட்டதோடு அது நின்றுபோனது. கனடாவில் சிம்கோ ஏரிக்கு அவரைப் பலமுறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தூண்டிலைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில், "இதிலை உப்பு மணக்குதில்லையே" என்பார். பேரனை ஒருதரம் தன்ரை கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும்தான் இந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது.

அதனால்தான் வைகாசி மாதமே ஏற்பாட்டைத் தொடங்கினேன். வெளிநாட்டுக்காரருக்கு மீன்பிடிச் சவாரி ஒழுங்கு செய்கிற ஒருவரின் நம்பர் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் கதைத்தேன். நாங்கள் ஏழு பேர், அதில் ஒருவருக்கு 78 வயது, ஒருவனுக்கு 9 வயது என்று எழுதியே அனுப்பினேன். "பிரச்சினையில்லை அண்ணை." லைஃப் ஜக்கெற் எல்லாருக்கும் இருக்குமா? "ஓம் அண்ணை, எல்லாம் இருக்கு." நயினாதீவுக்கு அங்கால் நெடுந்தீவுப் பக்கம் போய்த் தூண்டில் போடலாமா? "தாராளமாப் போகலாம் அண்ணை." ஆடி மாதத்தில் கடல் எப்படி? "நல்லா இருக்கும் அண்ணை." மொத்தம் 60,000 ரூபா, அரைவாசி முற்பணம். மச்சாளின் மகன் நேரில் போய் 30,000 ரூபா கொடுத்தான்.

அந்த உரையாடலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நான் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட "இல்லை" என்ற பதில் வரவில்லை. கனடாவில் இப்படி எல்லாவற்றுக்கும் ஓம் போட்டால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது.

சொன்ன நாளன்று விடிய நாலரைக்கு வான் எடுத்தோம். பண்ணைப் பாலத்தில் ஏறினபோதே வான் ஒருபக்கம் தள்ளியது. சாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சோழகம் பிடிச்சிட்டுது" என்றார். தென்மேற்குக் காற்றைத்தான் அப்படிச் சொல்வார்கள். வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகிற வாணர் பாலத்தில் வந்தபோது இரண்டு பக்கமும் மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள் இருட்டுக்குள் நிரை நிரையாய் நின்றன. அப்பா முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்சீற்றில் மகன் டொலரமா மலிவுக் கடையில் வாங்கிய தொப்பியோடு நித்திரை.

துறையில் ஏற்பாட்டுக்காரர் இல்லை. ஒரு பொடியன் மட்டும் ஐஸ் பெட்டியோடு நின்றான். பக்கத்தில் ஒரு பைபர் போட், அதற்குள் 15 குதிரைவலு எஞ்சின். போட்டின் சொந்தக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்குள்ளிருந்து இறங்குகிற எங்களை எண்ணிக்கொண்டு நின்றார். மகன் இறங்கியபோது ஒருதரம் பார்த்தார். அப்பா கதவைப் பிடித்து இறங்கியபோது இன்னொருதரம் பார்த்தார்.

பொடியன் லைஃப் ஜக்கெற்றுகளைக் கொண்டுவந்து மணலில் போட்டான். மூன்று. ஏழு பேருக்கு மூன்று. ஒன்றைத் தூக்கி மகனுக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய ஆளுக்கான அளவு. கழுத்துப் பட்டி அவனுடைய காதுக்கு மேலே நின்றது. முன்பக்கக் கொளுக்கி உடைந்து, அந்த இடத்தில் நீல நைலோன் கயிற்றுத் துண்டு முடிந்திருந்தது. ஓரத்தைக் கையால் அழுத்தினேன், தையல் விட்டு உள்ளேயிருந்த பஞ்சு தூளாக என் விரலில் ஒட்டியது. கனடாவில் படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜக்கெற் படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் தண்டம். மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் மகனின் கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் போட்காரர் கிட்ட வந்தார்.

"தம்பி, இந்தக் காத்துக்கை உங்களை நான் கொண்டுபோகமாட்டன்."

நான் காசைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று நினைத்தேன். மிச்சக் காசை இப்போதே தருகிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "காசில்லைத் தம்பி. அவன் எனக்குச் சொன்னது வேறை. நாலு இளந்தாரியள் வருவினம், கரையோடை ஒரு சுத்துச் சுத்திப் படமெடுத்துப்போட்டு இறங்கிவிடுவினம் எண்டு சொன்னவன். ஐயாவும் சின்னப் பிள்ளையும் வருகினம் எண்டு சொல்லேல்லை. நெடுந்தீவுப் பக்கம் எண்டும் சொல்லேல்லை. அங்காலை பாருங்கோ."

பார்த்தோம். கரையோரம் தண்ணீர் சும்மா சுருக்கம் விழுந்த மாதிரித்தான் கிடந்தது. தூரத்தில், வெளிச்சம் வர வர, வெள்ளை வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது.

மகன் அழத் தொடங்கிவிட்டான். எனக்கோ கோபம். இரண்டு மாதமாக ஒழுங்கு செய்த விசயம். ஏற்பாட்டுக்காரருக்கு போன் எடுத்தேன். நாலாவது தரம் எடுத்தார். "அண்ணை, அவர் அப்படித்தான் சொல்லுவார், கொஞ்சம் கூடக் குடுத்துச் சமாளிச்சுப் போங்கோ." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடலுக்குள் கொண்டுபோவதைச் சமாளிக்கச் சொல்கிறார்! ஒன்ராறியோவில் படகுச் சவாரி நடத்துகிறவர்கள் காற்று எழும்பினால் முதல்நாளே போன் பண்ணி நாளை மாற்றுவார்கள், அல்லது காசைத் திருப்புவார்கள். எனக்கு இரண்டுமுறை அப்படி நடந்திருக்கிறது. அப்போது அதை ஒரு சேவை என்றுகூட நான் நினைத்ததில்லை. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்கு எச்சரிக்கை வெளியிடத்தான் செய்கிறது. முற்பணம் வாங்கினவருக்கு அதை எங்களிடம் ஒரு வரியில் சொல்ல மனம் வரவில்லை.

இதற்கிடையில் அப்பா போட்காரரோடு கதைக்கத் தொடங்கியிருந்தார். இந்தக் கடலைத் தனக்குத் தெரியும், எத்தனை தரம் போயிருக்கிறேன், குளம் மாதிரித்தான் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போட்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்கள் எந்த மாசம் வாறனீங்கள்?" என்றார்.

"சித்திரைக்கு. வருசத்துக்கு."

"அதுதான். சித்திரையிலை காத்து விழுந்திருக்கும். இது சோழகம்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். எனக்கும் அந்த இடத்தில்தான் விளங்கியது. அப்பாவுக்குத் தெரிந்த கடல் முழுக்கச் சித்திரைக் கடல். கடை பூட்டுகிற அந்தப் பத்து நாளில் பார்த்த கடல். அதைத்தான் ஸ்காபுறோவில் இருந்து முப்பது வருசமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்களோ ஆனி முடியப் பள்ளிக்கூடம் விட்டதும் விமானம் ஏறுகிற ஆட்கள். ஆடிக்கூழுக்கும் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கும் வருகிறோம். தென்மேற்குக் காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாதி வரை விடாது. கனடாப் பள்ளிக்கூடம் விடுகிற காலமும் தீவுக் கடல் குமுறுகிற காலமும் ஒன்றாய்ப் போனதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனால் அது தெரிந்த ஆள் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதற்குக் காரணமும் போட்காரரின் பேச்சில் வெளிவந்தது. ஏன் ஞாயிறு காலை என்று குறித்தார்கள் என்று கேட்டேன். திங்கள், புதன், சனி என்றால் இந்திய இழுவைப் படகுகள் வருகிற நாள். அந்த இரவுகளில் வலை விட்டால் அவை அறுத்துக்கொண்டு போய்விடும், காலையில் வலை இருக்காது என்றார். சித்திரை (ஏப்ரல்) நடுவிலிருந்து ஆனி (ஜூன்) நடுவரை 61 நாள் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம், அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இழுவைப் படகு இழுக்கிற வலையான இழுவைமடியை இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று, வலை அறுவது நிற்கவில்லை. ஒருதரம் அறுந்தால் இலட்சக்கணக்கில் நட்டம். அதனால் சனி இரவு போட் சும்மா கிடக்கும், ஞாயிறு காலையில் ஆளும் வீட்டில் நிற்பார். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஏற்பாட்டுக்காரர் எங்களைப் போன்றவர்களுக்கு நாள் குறிக்கிறார்.

இதையெல்லாம் கேட்டபிறகு அந்தப் போட்கார மனிசனை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இந்த எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். காற்றுக்குப் பாதி நாள், இழுவைப் படகுக்குப் பாதி நாள் என்று தொழில் படுத்துக் கிடக்கிற நேரத்தில் கையில் வருகிற காசை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

திரும்பிப் போவோம் என்று வானில் ஏறப்போனோம். மகன் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான். போட்காரர் வீட்டுப் பக்கம் போய் ஒரு வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "பாலத்தடிக்குப் போவம். காத்து மறைவிலை முழங்கால் தண்ணிதான். பொடியன் அழுதுகொண்டு போகக்கூடாது."

வாணர் பாலத்தருகே காற்றுப்படாத பக்கமாக இறங்கினோம். அவர் வலையை வீசிய விதத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கயிற்று நுனியை இடக்கை மணிக்கட்டில் மாட்டி, வலையின் விளிம்பில் ஒரு பிடியைப் பல்லால் கவ்வி, மிச்சத்தை இரண்டு கையிலும் பங்கு போட்டு, இடுப்பை ஒரு பக்கம் திருப்பி விட்டெறிந்தார். தட்டு மாதிரி வட்டமாக விரிந்து விழுந்தது. ஈயக் குண்டுகள் தண்ணீரில் படும்போது மழைத்துளி விழுகிற சத்தம். மகன் அழுகையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினான்.

முதல் வீச்சில் இரண்டு திரளி. அடுத்ததில் கொஞ்சம் இறாலும் நாலு ஓராவும். மகன் ஓராவைக் கையால் எடுக்கப் போனான். "தொடாதை அப்பன், உது முள்ளுக் குத்தினால் நஞ்சு" என்று பாய்ந்து வந்து, செருப்பால் மீனை மிதித்து அமத்திக்கொண்டு சின்னக் கத்தியால் முள்ளுகளை ஒவ்வொன்றாக அரிந்துவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்தார். ஒருத்தரும் கேட்காமல், ஒரு காசும் பேசாமல் செய்த வேலை.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். போட்காரர் கயிற்றை அப்பாவின் மணிக்கட்டில் மாட்டிவிட்டு ஒரு கையால் அவருடைய முதுகைத் தாங்கிக்கொண்டார். அப்பா வீசினார். வலை பாதிதான் விரிந்தது, மிச்சம் சுருண்டு விழுந்தது. ஒரு மீனும் படவில்லை. அப்பா இன்னொருதரம் வீசினார். மனைவி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

வெயில் ஏறும்வரை அங்கேதான். பிறகு அவருடைய வீட்டில் பனங்கட்டியோடு பிளேன்ரீ குடித்தோம். 10,000 ரூபாவை மடித்துக் கையில் வைத்தேன். "எண்ணெய் எரியேல்லைத் தம்பி, இது எதுக்கு?" என்று திருப்பித் தந்துவிட்டார். நீங்கள் வாங்காவிட்டால் அப்பா கோபிப்பார் என்றேன். "ஐயாவோடை நான் கதைக்கிறன்" என்றார். கடைசிவரை வாங்கவில்லை. முற்பணத்தில் அவருக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டதற்கு, ஒரு சதமும் வரவில்லை என்று சொன்னார்.

ஆனால் ஏற்பாட்டுக்காரர் எனக்கு அடுத்தநாள் அனுப்பிய பதில், "காசு எண்ணெய்க்கும் போட்டுக்கும் குடுத்தாச்சு அண்ணை" என்பது. எரியாத எண்ணெய்க்கு! மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். நீலக் குறி விழும், பதில் வராது. பலாலியில் விமானம் ஏறுகிற அன்று கடைசியாக ஒருதரம் எழுதினேன்: காசை எனக்குத் தரவேண்டாம், அந்தப் போட்காரருக்குக் கொடுங்கள், அவர் அந்தக் காலையை எங்களுக்காக விட்டவர். அதற்கும் பதில் இல்லை. இனிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கனடாவில் இருந்துகொண்டு கடலுக்கு நாள் குறித்து முற்பணம் அனுப்பாதீர்கள். ஊரில் நிற்கும்போது துறைக்குப் போய்ப் போட் ஓட்டுகிற ஆளோடு நேரில் கதையுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான லைஃப் ஜக்கெற்றை இங்கிருந்தே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், பாரமில்லை.

திரளியை மச்சாள் சொதி வைத்தாள். ஓராவைப் பொரித்தோம். கூழுக்குப் போட நண்டு வேண்டும் என்று பாசையூர்ச் சந்தையில் வாங்கினோம்.

விடைபெறும்போது அப்பா அவரிடம், பங்குனிக்குள் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை லீவு வரும், அப்போது வந்தால் கொண்டுபோவீர்களா என்று கேட்டார். எந்தத் திகதி என்று இப்போதே எழுதி வைக்கட்டுமா என்று நானும் கேட்டேன். போட்காரர் வலையைக் கிடுகு வேலியில் உலர விரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ. வந்து முதல்நாள் பின்னேரம் துறைக்கு ஒருக்கா வாங்கோ. கடலைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்."