செடிப் படங்களுக்குப் பட்டியல்: சொந்த எக்செலா, ஐநேச்சுரலிஸ்ட்டா?

ஐநேச்சுரலிஸ்ட் என்பது செடி, உயிரினப் படங்களை ஏற்றினால் மற்றவர்கள் அடையாளம் சொல்லும் இணையதளம். இரண்டிலும் பட்டியல் போட்டுப் பார்த்த பிறகு, காட்டுச் செடிகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட், தோட்டத்துக்கு எக்செல் என்று பிரித்தாயிற்று. செலவிலும் பழகும் நேரத்திலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் வீட்டுக்கு வந்தும் ஏற்றலாம்.

தீர்மானிப்பது பெயர்ப் பராமரிப்பு: செடிகளின் அறிவியல் பெயர்கள் அவ்வப்போது மாறும். பழைய நூல்களில் காசியா என்ற பேரினத்தில் இருந்த ஆவாரை இன்று சென்னா ஆரிகுலேட்டா. சரக்கொன்றை மட்டும் இன்னும் காசியா ஃபிஸ்டுலாதான். அக்கேசியா பேரினத்தில் கருவேலமும் வெள்வேலமும் வாச்செலியாவுக்குப் போயின, கருங்காலி செனகாலியாவுக்குப் போனது, ஆஸ்திரேலியப் பக்கத்து ஆரிகுலிஃபார்மிஸ் அக்கேசியாவிலேயே நிற்கிறது. 2022இல் புரோசோபிஸ் பேரினம் பிரிந்தபோது சீமைக் கருவேலம் நெல்டுமா ஆயிற்று, வன்னி நகரவில்லை. எக்செலில் புரோசோபிஸ் என்பதை மொத்தமாக நெல்டுமா என்று மாற்றினால் வன்னியும் சேர்ந்து கெடும். சிற்றினம் எழுதாமல் பேரினத்தோடு விட்ட வரிகளுக்குப் படத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சில நூறு வரி சேர்ந்துவிட்டால் இந்த வேலை தள்ளிக்கொண்டே போகும், பட்டியல் பழசாகிவிடும்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் தாவரப் பெயர்கள் பெரும்பாலும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் உலகத் தாவரப் பட்டியலை ஒட்டியவை. அங்கே ஒரு பெயரை மாற்றினால் நம் பழைய பதிவுகளும் தாமாக மாறும். ஓர் இனம் இரண்டாகப் பிரிந்து எது என்று தெரியாதபோது பதிவு பேரின அளவுக்கு ஏறி நிற்கும். சந்தேகம் கண்ணில் படுகிறது என்பதே எனக்குப் பெரிய லாபம்.

படம் சரியில்லையென்றால் இரண்டுமே உதவாது. முழுச் செடி, தண்டில் இலை அமைந்த விதம், இலையின் அடிப்புறம், பூவின் முகமும் பக்கவாட்டும், காய் எல்லாம் ஒரே பதிவில் வேண்டும். கீழாநெல்லியில் கிளையைத் திருப்பி எடுக்காவிட்டால் பயனில்லை: காய் வழவழப்பா (ஃபில்லாந்தஸ் அமாரஸ்), சொரசொரப்பா (ஃபில்லாந்தஸ் யூரினாரியா) என்பது அடியில்தான் தெரியும். தும்பை மாதிரி வெள்ளைப் பூவுக்கு உச்சி வெயிலில் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், இல்லையென்றால் இதழ் வெளுத்துப்போகும். மெல்லிய செடியில் ஃபோகஸ் பின்னால் ஓடினால் பின்புறம் கறுப்பு அட்டை பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை ஏற்ற வேண்டாம். எடுத்த தேதியும் இடமும் அதில் அழிந்திருக்கும்.

தோட்டத்தில் நிலைமை வேறு. ஐநேச்சுரலிஸ்ட்டில் நட்டு வளர்த்த செடியை வளர்ப்புச் செடி என்று குறிக்க வேண்டும். குறித்ததும் அடையாளம் சொல்பவர்களின் வரிசையிலிருந்து அது விலகிவிடும். செம்பருத்தி, ரோஜா ரகப் பெயர்களுக்கும் அங்கே இடமில்லை. அதற்கு எக்செல்: படக்கோப்பின் பெயரில் செடியின் பெயரே வேண்டாம், 2024-03-17-05 என்று தேதியும் வரிசை எண்ணும் போதும். செடிப் பெயர் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தால் ஒரே இடத்தில் திருத்தலாம். கலப்பின ஆர்க்கிட்களில் எனக்குப் பழக்கம் குறைவு. பெற்றோர் செடிகளுக்கென்று கூடுதல் நெடுவரிசை தேவைப்படலாம்.

சர்ப்பகந்தா, காட்டு ஆர்க்கிட் போலத் தோண்டிக்கொண்டு போகக்கூடியவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட்டில் இடத்தை மறைக்கும் வசதியை நாமே போட்டுவிடுவது நல்லது. சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் வெளியே தெரியும்.

ஐநேச்சுரலிஸ்ட் படத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைக்கும். மூலப் படங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். பதிவுகளையும் வருஷத்துக்கு ஒரு முறை எக்செலில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி அதே இடத்தில் போட்டுவையுங்கள்.