அம்மாவின் முழங்காலும் ஒரு டப்பா சூரணமும்

மூன்று வருடம் கழித்து டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மறுநாளே ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய் மூட்டுவலிக்கு என்று கேட்டேன். ஒரு டப்பா சூரணத்தை எடுத்து நீட்டினார்கள். யாருக்கு, என்ன வயது, வேறு மாத்திரை ஏதும் உண்டா, ஒரு கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிளில் பெயரும் விலையும்தான். என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது, உரிம எண் என்ன, எப்போது செய்தது, எதுவும் இல்லை. சித்த மருந்தானாலும் இதெல்லாம் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

அதைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். 2005-இல் திறந்த மத்திய அரசு நிறுவனம். சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். மருத்துவர் இளம்பெண். நாடி பார்த்தார், முட்டியில் கை வைத்தபடி காலை மடக்கி நீட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "வேற என்ன மாத்திரை போடுறீங்கம்மா?"

"தைராய்டுக்குக் காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுறேன்மா."

"அப்போ அமுக்கரா, அதான் அஸ்வகந்தா, சேர்ந்தது எதையும் நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. தைராய்டு அளவு ஏறிடலாம்."

டப்பாவைக் காட்டினேன். "உள்ள என்ன இருக்குன்னே தெரியாம இதைச் சாப்பிடுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. லேபிளைப் பார்க்கும் முன், வாங்கிய அன்று இரவே, அம்மாவுக்கு அதைக் கலக்கிக் கொடுக்க வெந்நீர் வரை வைத்தவள் நான்.

இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். என் கணவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். முட்டிக்கு மஞ்சள் காப்ஸ்யூல் வாங்கிவரச் சொல்லியிருந்தார். சமையலில் போடுகிற மஞ்சள் வேறு, சாரமாக இறக்கிய காப்ஸ்யூல் வேறு, அது ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம், அவருடைய டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம் என்றார்.

அம்மாவுக்கு உள்ளுக்கு மருந்தும் மேலுக்குத் தைலமும் எழுதினார். தைலத்துக்கு நாமே குப்பி கொண்டுபோக வேண்டும், நான் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து துடைத்துக் கொடுத்தேன். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம் என்றதில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். சாயங்காலமே வேலியிலிருந்து கொழுந்துக் கணுவாகப் பார்த்து ஒடித்துவந்தாள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, வதக்கி, புளி கூட வைத்து அரைத்தாள். பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால்தான் கையும் நாக்கும் அரிக்கிறது.

கனடாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒன்று: சொந்த உபயோகத்துக்கு இந்த மாதிரி மருந்தை 90 நாள் அளவுக்கு மேல் கொண்டுவராதீர்கள், அதுவும் லேபிளோடு அசல் டப்பாவிலேயே இருக்கட்டும். அங்கேயே வாங்குவதானால் என்.பி.என். (NPN) என்று, இயற்கை மருந்துகளுக்குக் கனடா அரசு கொடுக்கும் எட்டு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள்.

கிளம்பும் முன் அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி அவள் சுருக்குப்பையில் வைத்தேன். நேற்று போனில் பேசினேன். இன்னும் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறாளாம். காலை விறைப்பு மட்டும் கொஞ்சம் தேவலையாம்.