மறுவீட்டுச் சொதிக்குப் பூ மேஜை: கொடுத்த காசுக்கு எப்படி?

கடைப் பேரை மட்டும் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. இருந்த குறையை எல்லாம் கடைக்கார அண்ணாச்சியிடமே நேரில் சொல்லியாயிற்று, அவரும் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டார், அதற்கப்புறமும் பேரைப் போட்டு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாளையங்கோட்டையில் மண்டப மேடை அலங்காரமே பிழைப்பாக இருக்கிற ஒரு பூக்கடை, அவ்வளவு தெரிந்தால் போதும். அடுத்து இந்த மாதிரி மேஜை போடச் சொல்கிறவர்கள் நான் பட்டதைப் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விசேஷம் என் தங்கச்சியின் மறுவீடு. ஆவணி முகூர்த்தம், திருவோணத்துக்கு நான்கு நாள் முன்னால். நம்ம பக்கம் மறுவீடு என்றால் சொதிதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துத் தேங்காய்ப்பால் சொதி, அது மந்தம் தட்டாமல் இருக்க இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் கறி, அப்பளம். சமையலை அம்மாவும் சமையல்காரத் தவசுப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஆசை எல்லாம் மேஜை மேல். கருஞ்சிவப்பில் ஆரம்பித்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளமஞ்சள் என்று படிப்படியாக வெளுத்துக்கொண்டே போய் வெள்ளையில் முடிகிற மாதிரி மேஜை நடுவில் பூவைப் பரப்ப வேண்டும். கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கக் கூடாது, எங்கே சிவப்பு முடிந்தது எங்கே ஆரஞ்சு தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "ரோஜா, கேந்தி (செண்டுமல்லி), செவ்வந்தி எல்லாம் நம்மூர்ப் பூவிலேயே வரும்க்கா, பெங்களூர்ப் பூ எதுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். எட்டாயிரத்து ஐந்நூறு பேசினோம்.

முதல் குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அளவெடுக்க ஆள் வரவில்லை. வாடகை மேஜை மூன்றைச் சேர்த்துப் போட்டிருந்தோம், ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக ஆட்கள் உட்கார்ந்தால் இலை இந்தப் பக்கம் ஓரடி அந்தப் பக்கம் ஓரடி எடுத்துக்கொள்ளும், நடுவில் மிஞ்சுவது அரையடி. அவர்கள் ஒன்றரை அடிப் பட்டை என்று மனசில் வைத்துப் பூ கொண்டுவந்துவிட்டார்கள். மேடையும் வரவேற்பு வளைவும் செய்து பழகினவர்களுக்கு மேஜை என்றால் அது சும்மா பார்க்கிற பொருள். அதன் மேல் இலை விழும், குழம்பு ஓடும், பரிமாறுகிறவர் கை நீளும் என்ற நினைப்பே இல்லை. கொண்டுவந்ததில் பாதி மீந்து, வாசலில் கோலம் மாதிரிப் பரப்பினோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காசு கொடுத்தது நான்.

ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர்கள் ஒன்பதே காலுக்கு வந்தார்கள். காரணம் கேட்டால் தோவாளையில் பூ எடுக்கவே நேரமாகிவிட்டதாம். அது பொய்யாக இருக்காது. ஓணத்துக்கு அத்தப்பூக் களம் போடுகிற அந்தப் பத்து நாளும் ஆரல்வாய்மொழி தாண்டி தோவாளைச் சந்தையில் விடியும் முன்பே கேரளத்து வியாபாரிகள் வந்து நிற்பார்கள், கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாகப் போகும். விலையும் ஏறும். எனக்கும் ஆயிரத்து இருநூறு கூடுதலாகக் கேட்டார்கள். முகூர்த்தம் குறிக்கும்போதே ஓணம் எப்போது என்று பார்த்துவிட்டுப் பூவுக்குப் பேசுங்கள், சங்கரன்கோவில் பிச்சியும் மல்லியும் கூட அந்த வாரத்தில் கைக்கு எட்டாது.

சரி, வேலைக்கு வருவோம், ஏனென்றால் வேலை அருமை. வந்தது மூன்று பேர், அண்ணாச்சி, ஒரு பையன், பூ உதிர்க்க ஒரு அம்மா. மேஜை நடுவில் முதலில் வாழை இலையை நீளவாக்கில் கிழித்து விரித்தார்கள், அதற்கு இரண்டு பக்கமும் வாழை மட்டையைக் கவிழ்த்து வரப்பு மாதிரி வைத்தார்கள், பூ இலைப்பக்கம் சரியாமல் இருக்க. வேறு ஒரு கடையில் பச்சை ஸ்பாஞ்சில் குத்தித் தருகிறோம் என்றார்கள், அது பிளாஸ்டிக், மண்ணில் மக்காது. இங்கே மட்டையே ஈரத்தையும் வைத்துக்கொள்கிறது, பூவையும் தாங்குகிறது. அப்புறம் ஒரு நூலை இழுத்துப் பிடித்து ஆறு இடத்தில் அடையாளம் வைத்து, ஒவ்வொரு அடையாளத்தின் நடுவிலும் சுத்தமான ஒரே நிறத்தைக் குவித்தார்கள். கருஞ்சிவப்புக்குக் கோழிக்கொண்டை, அடுத்தது சிவப்பு, அப்புறம் ஆரஞ்சுக் கேந்தி, மஞ்சள் கேந்தி, மஞ்சள் செவ்வந்தி, கடைசியில் வெள்ளைச் செவ்வந்தியும் சம்பங்கியும். நடுவில் விட்ட இடைவெளிதான் விஷயம். பையன் ஒரு பேசினில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இரண்டையும் போட்டுப் பிசிறினான், முதலில் மூன்று பிடிக்கு ஒரு பிடி, அப்புறம் சரிக்குச் சரி, அப்புறம் ஒரு பிடிக்கு மூன்று பிடி. அதை வரிசையாகத் தூவிக்கொண்டே வந்தான். ஓரடி தள்ளி நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, வாசலில் போய் நின்று பார்த்தால் நிறம் தானாகக் கரைந்து ஓடுகிறது. நான் வாய் பிளந்து நின்றேன்.

இன்னொன்று அந்த அம்மா சொல்லித் தெரிந்தது. கேந்தியைச் சும்மா பிய்த்துப் போட்டால் இதழோடு அடியில் இருக்கிற வெளிறின குச்சியும் வந்து நிறத்தைக் கெடுத்துவிடும். அதனால் பூவைக் கவிழ்த்துப் பிடித்துக் கத்திரியால் மேல் பாதியை மட்டும் நறுக்கினார். அப்படி நறுக்கின ஆரஞ்சும் எங்கள் சித்தி உதவிக்கு வந்து பிய்த்துப் போட்ட ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறு பூ மாதிரி இருந்தது. சித்தியை மெதுவாக அடுப்படிப் பக்கம் அனுப்பினோம்.

இப்போது சண்டை வந்த இடம். சிவப்புக்கு அவர்கள் கொண்டுவந்தது அரளி. மேஜையில், இலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, அரளிப்பூ! பூ, இலை, தண்டு என்று அரளியில் எல்லாமே விஷம் என்று நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வேலிக்கு அரளி வைத்தால் ஆடு வாய் வைக்காது. எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் பருவம். நான் எடுக்கச் சொன்னதும் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, தோவாளை மாணிக்கமாலையே அரளியில்தானே கட்டுதாங்க" என்றார். உண்மைதான். சிவப்பரளியும் வெள்ளையரளியும் நடுவில் பச்சைக்கு நொச்சி இலையும் வைத்து மடித்து, மாணிக்கக் கல் பதித்த பட்டை மாதிரித் தட்டையாகக் கட்டுகிற மாலை அது, 2025-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று, அந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை இருக்காதா. ஆனால் அது சாமி கழுத்துக்கும் மாப்பிள்ளை கழுத்துக்கும். அதைப் பிசைந்து யாரும் சாப்பிடப் போவதில்லை. பத்து நிமிஷம் போனது பேச்சில், அப்புறம் பையனை வண்டியில் அனுப்பி ஜங்ஷனிலிருந்து சிவப்பு ரோஜா வாங்கிவரச் சொன்னார், அதற்கு அறுநூறு ரூபாய் நானே கொடுத்தேன். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுக்குத்தான்: ரோஜா இதழ் நேரமாக ஆக ஓரம் கறுக்கும், சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கறுப்பு கோழிக்கொண்டைப் பக்கம் இன்னும் அழகாகச் சேர்ந்துகொண்டது. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

கோழிக்கொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நிறம் பட்டுப்புடவை நிறம், பூவே வெல்வெட் மாதிரி. ஆனால் அதன் கழுத்தில் கடுகை விடச் சின்னதாகப் பளபளவென்று கறுப்பு விதை இருக்கிறது, தட்டினால் உதிரும். பரிமாறுகிறவர்கள் மேஜையில் இடிக்க இடிக்க அது உதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளைச் சோற்றில் நாலு கறுப்பைப் பார்த்துவிட்டு, "சொதிக்கு எள்ளு போடுவியளோ நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மேஜைக்குக் கோழிக்கொண்டை வேண்டும் என்றால் முந்தின நாளே கவிழ்த்துத் தட்டி விதையை எல்லாம் உதிர்த்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மின்விசிறி அடுத்த தலைவலி. ஆவணி வெயிலில் மின்விசிறி இல்லாமல் பதினெட்டுப் பேரை உட்கார வைக்க முடியாது, போட்டால் செவ்வந்தி இதழ் பறக்கிறது. தண்ணீர் தெளித்தால் அமருமே என்று பையன் தாராளமாகத் தெளித்தான், பூ அமர்ந்தது, ஆனால் மட்டைக்கு அடியில் நீர் இறங்கி வெள்ளை மேஜை விரிப்பில் கேந்தி மஞ்சள் இறங்கிவிட்டது. விரிப்பு வாடகைக்கு எடுத்தது.

சம்பங்கியை நான் முதலிலேயே வேண்டாம் என்றிருக்க வேண்டும், என் தப்பு. பூவாகப் பார்த்தால் குறையே இல்லை, மெழுகில் செய்த மாதிரி வெள்ளை. ஆனால் அதன் வாசம் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டால் சொதியின் வாசம் மூக்குக்கு வராது. மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால் என்று காலையிலிருந்து பிழிந்து, கொதிக்க விடாமல் நுரை கட்டும்போது இறக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிந்து வைத்த குழம்பு. அதற்கென்று மெல்லிசான ஒரு வாசம் இருக்கிறது. வெள்ளை முனையில் உட்கார்ந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு வாசம் கம்மியான பூதான் சரி. மல்லி, பிச்சி எல்லாம் தலையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிறகு உறைத்தது ஒன்று உண்டு, இது கடை மேல் குறை இல்லை, நான் கேட்டதுதான். நிறத்தை மேஜையின் நீளவாக்கில் ஓடவிட்டேன் அல்லவா, அது வாசலில் நிற்கிறவனுக்கும் போட்டோவுக்கும்தான் தெரியும். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண் முன்னால் அவருக்கு எதிரே இருக்கிற இரண்டடி மட்டும்தான். அதாவது ஒரு அத்தைக்கு முழுக்க ஆரஞ்சு, ஒரு மாமாவுக்கு முழுக்க மஞ்சள். எங்கள் ஆச்சியைக் கோழிக்கொண்டை முனையில் உட்கார வைத்துவிட்டார்கள். "எல்லாருக்கும் மங்களமா மஞ்சளை வச்சிட்டு எனக்கு மட்டும் ஏன்ட்டி ரத்தக் கலரு?" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டடிக்கு ஒரு முறை அடர்த்தியிலிருந்து வெளிறலுக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி, அலை அலையாகப் போட்டிருந்தால் ஒவ்வொருவர் முன்னாலும் முழு ஓட்டமும் இருந்திருக்கும். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன், "வேலை மூணு மடங்குக்கா" என்றார். சரிதான், ஆனால் பூ அதே அளவுதானே.

வெளிச்சமும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஹாலில் மேலே மஞ்சள் விளக்கு. அதைப் போட்டதும் இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டது, ஆறு நிறம் ஐந்தாகத் தெரிந்தது. விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்த பிறகுதான் செவ்வந்தி செவ்வந்தியாகவும் சம்பங்கி சம்பங்கியாகவும் இருந்தது. ஜன்னல் வழியாக இரண்டு தேனீ வந்தது, யாரையும் கொட்டவில்லை.

இத்தனை புகாருக்கும் நடுவில் சொல்கிறேன், பதினொன்று பத்துக்கு வேலை முடிந்து அவர்கள் தள்ளி நின்றபோது, பச்சை இலை இரண்டு பக்கமும் வரிசையாக விழுந்து நடுவில் அந்த நிறம் ஓடினபோது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசல்படியிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "மைனி, இதுல எப்படி இலையைப் போட்டுச் சாப்பிடதுக்கு மனசு வரும்" என்று அம்மாவிடம் கேட்டார்கள். பரிமாறினதும் மனசு வந்துவிட்டது, சொதி மூன்று முறை போனது. அந்த நிமிஷத்துக்கு ஒன்பதாயிரத்து எழுநூறும் ரோஜாவுக்கு அறுநூறும் அதிகமா என்றால், மீந்த பூவுக்கான காசைக் கழித்திருந்தால் அதிகமில்லை என்பேன். கழிக்கவில்லை. கேட்டதற்கு, அடுத்த விசேஷத்தில் பார்த்துச் செய்கிறேன் என்றார், எல்லோரும் சொல்கிற பதில்.

மதிப்பெண் என்றால் நிறத்துக்கும் கைவேலைக்கும் ஐந்துக்கு ஐந்து, சாப்பாட்டு மேஜை என்ற புரிதலுக்கு ஐந்துக்கு இரண்டு. மறுபடி கூப்பிடுவேனா? கூப்பிடுவேன், ஆனால் அளவெடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன், அரளி கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன், வெள்ளை விரிப்புக்குப் பதில் மெரூன் போடுவேன்.

சாயங்காலம் பூவை எல்லாம் வாழை மட்டையோடு அள்ளித் தென்னை மூட்டில் போட்டோம். விரிப்புக்கு வாடகைக் கடைக்காரர் அறுநூறு கேட்டார், அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், சண்டை இல்லாமல் முந்நூறு அனுப்பிவிட்டார்.