ஃப்ளாக் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி ஆல்பம் வாங்காதீர்கள்

நியூ ஏஜ் இசையை (மனதை அமைதிப்படுத்தும் மென்மையான இசை வகை) லாஸ்லெஸ் தரத்தில், அதாவது ஒலியில் எதையும் இழக்காமல், காசு கொடுத்து டவுன்லோட் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். "ஸ்டூடியோ தரம், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்" என்று ஒரு தளம் விற்ற ஆல்பத்தை வாங்கினேன். வந்தது ஃப்ளாக் (FLAC, ஒலியை இழப்பில்லாமல் சேமிக்கும் வகை) கோப்புதான், அளவும் பெரிதுதான், ஆனால் உள்ளே இருந்தது பழைய எம்பி3.

முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. அடியில் சிந்தசைசர் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும், அதன்மேல் ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்கிய கோரஸ், அதற்கும் மேலே எப்போதாவது ஒரு சிறு மணி. அந்த மணியின் எதிரொலி மெல்லக் கரைந்து கோரஸுக்குள் போய்ச் சேர வேண்டும். இதில் பாதியிலேயே பொசுக்கென்று அறுந்துவிடுகிறது, குரல்களும் பிரிந்து கேட்காமல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குழைந்து கிடக்கின்றன. எம்பி3 செய்வதே அதுதானே! பலமான ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலி எப்படியும் காதில் விழாது என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடும், பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவு, கேபிபிஎஸ் கணக்கில்) குறையக் குறைய நிறையவே கழிக்கும். இந்த மாதிரி இசைக்கு அந்த மெல்லிய ஒலிதான் உயிர்.

ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன் (ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு இருக்கின்றன என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை அது தரும், ஆடாசிட்டி என்ற மென்பொருளிலும் பார்க்கலாம்). எல்லா டிராக்கிலும் 16 கிலோஹெர்ட்ஸில் நேராக வெட்டு, அதற்கு மேல் வெறும் கறுப்பு. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் அதில் பாதி, 48 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கு இடம் உண்டு. 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் இந்த 16-க்குப் பக்கத்தில்தான் வெட்டும், 320 என்றால் 20-ஐ ஒட்டி. ஆனால் ஒன்று, மென்மையான சிந்தசைசர் ஒலியில் இயல்பாகவே உச்ச அதிர்வெண்கள் குறைவு, அது படிப்படியாக மங்கும், அதைப் பார்த்துவிட்டு நல்ல பதிவைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். மணியோ சிம்பலோ ஒலிக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே உயரத்தில் கோடு அசையாமல் நின்றால் சந்தேகம் வலுக்கும்.

கோப்பின் அளவை நம்பவே வேண்டாம். எம்பி3-ஐ ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பெரிதாகும், போன ஒலி திரும்பாது.

இந்தப் படங்களோடு அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டேன். ப்ளூடூத் ஹெட்போனில் அப்படித்தான் கேட்கும் என்றார்கள். சரி, ப்ளூடூத் பெரும்பாலும் சுருக்கித்தான் அனுப்பும், ஆனால் நான் கேட்டது வயர் ஹெட்போனில், அதுவும் போக, கோப்பைத் திறந்து எடுத்த படத்துக்கும் ஹெட்போனுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், டவுன்லோட் செய்துவிட்டதால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரே ஒரு வரி. அதோடு பதில் நின்றுவிட்டது. ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கலைஞரின் உழைப்பை இப்படிக் குதறி, அதற்கே கூடுதல் விலை வைத்து விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தெரியாத தளம் என்றால் முதலில் ஒரே ஒரு டிராக் வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் ஆல்பத்துக்குப் போங்கள். வாங்கும்போதே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னிடம் அது இருந்ததால்தான் கார்டு கொடுத்த வங்கியில் ஸ்பெக்ட்ரோகிராம் படங்களையும் சேர்த்துப் புகார் கொடுக்க முடிந்தது.