ஸ்கோடா மியூசியம், ம்லாடா போலெஸ்லாவ்: லேத் பட்டறைக்காரனின் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு

மகன் செக் நாட்டின் பிராக் நகரில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது, "பாலம், சர்ச் எல்லாம் பார்த்தாச்சு, இன்னிக்கு உங்களுக்குப் பிடிச்ச இடம்ப்பா" என்று கூட்டிப் போனான். அம்பத்தூர் எஸ்டேட்டில் 26 வருடம் லேத் ஓட்டியவனுக்கு வேறென்ன பிடிக்கும்? பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்.

பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே மியூசியம் வைத்திருக்கிறார்கள். கதை சைக்கிளில் தொடங்குகிறது. கிளெமென்ட் என்ற புத்தகக் கடைக்காரர் தன் ஜெர்மன் சைக்கிளைப் பற்றிப் புகார் சொல்லி, செக் மொழியில் கடிதம் போட்டாராம். 'எங்களுக்குப் புரிகிற மொழியில் எழுது' என்று பதில் வந்ததாம். மனிதர் லாரின் என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து 1895-ல் தானே சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டார். அந்தக் கம்பெனியின் வாரிசான ஸ்கோடாவை 1991-ல் வாங்க வந்ததும் ஜெர்மன்காரன்தான், ஃபோக்ஸ்வாகன். சிரித்துவிட்டேன்.

நான் அதிக நேரம் நின்றது 1987-ன் ஃபேவரிட் காரிடமும் 1994-ன் ஃபெலிசியாவிடமும். இரண்டும் ஏறக்குறைய ஒரே உடம்புதான். ஃபோக்ஸ்வாகன் வந்ததும் பழைய வண்டியைத் தூக்கிப் போடாமல், அதையே திருத்தித் திருத்தி ஃபெலிசியா ஆக்கியது. பானெட்டும் ஃபெண்டரும் சேரும் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். பழக்கதோஷம்!

கம்பெனியையும் ஒரே மூச்சில் வாங்கவில்லை. 1995-ல் 70 சதவீதம், 2000-ல்தான் முழுசும். நடுவில் 1993-ல் முதலீட்டுத் திட்டத்தைச் சுருக்கியபோது செக் நாட்டுக்காரர்கள் கலங்கிப் போனார்களாம். ஆனால் ஸ்கோடா என்ற பெயர் நிலைத்தது. 2014-ல் முதன்முறையாக ஒரே வருடத்தில் பத்து லட்சம் கார் விற்றார்கள்.

சரி, கார் பிழைத்தது. அதற்குப் பாகம் செய்து கொடுத்த வெண்டர் என்ன ஆனான்? அதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. கார் மியூசியத்தில் அதைத் தேடுவது என் தலையெழுத்து. புதுத் தரத்துக்கு எட்ட முடியாத சப்ளையர்கள் வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடினார்கள், இல்லையென்றால் விற்றார்கள். நோவி யிச்சின் என்ற செக் ஊரில் கார் விளக்கு செய்த ஆட்டோபால் கம்பெனி, 1993-ல் ஃபோர்டு கைக்குப் போனது. கை மாறிக் கை மாறி, 2012-ல் நம்ம ஔரங்காபாத்தின் வாகனப் பாகக் கம்பெனி வாரோக்கிடம் வந்தது. அந்தக் காலச் செக் கம்பெனிகளை ஆராய்ந்தவர்களும், வெளிநாட்டுப் பங்காளி கிடைக்காதவர்கள் பின்தங்கினார்கள் என்றே எழுதியிருக்கிறார்கள். லிதுவேனியா நாட்டிலோ, அந்நியக் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுத்த துறைகளில் உள்ளூர்க்காரர்களின் உற்பத்தித் திறன் கூடியது.

இரண்டையும் நானே பட்டிருக்கிறேன். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர் கொடுத்தது. அவர்கள் இன்ஜினீயர் என் லேத் பக்கத்திலேயே இரண்டு வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அளவு பார்க்கும் கேஜைப் பிடிக்கிற விதத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது. அப்புறம் வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். கற்றுக்கொண்டதை வைத்துத்தான் வேறு இரண்டு கஸ்டமர் பிடித்துத் தப்பினேன்.

திரும்பும்போது பிராகின் லெட்னானி பகுதியை மகன் காட்டினான். அவியா லாரி கம்பெனி இருந்த இடம். 1995-ல் கொரியாவின் டேவூ வாங்கியது, டேவூவே கவிழ்ந்தது. 2006-ல் நம்ம அசோக் லேலண்ட் வாங்கியது. 2013-ல் அங்கே உற்பத்தி நின்றது. அந்நியப் பணம் இங்கேயும்தான் வந்தது. ஆனால் ஸ்கோடாவில் வாங்கியவனே பெரிய கார் கம்பெனி, மற்ற வண்டிகளின் பாகமும் டிசைனும் பகிர முடிந்தது. பக்கத்திலேயே ஜெர்மன் சந்தை.

போகிறவர்களுக்கு ஒன்று: பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது. கார் பிரியர்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். லேத் பிடித்த கை என்றால், பழைய வண்டியைப் பிரித்து மீட்டெடுக்கும் கட்டங்களைக் காட்டும் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மகனைக் காப்பி குடிக்க அனுப்பிவிடுங்கள்.