ராமேஸ்வரம் நெரிசல்: நுழைவுக் கட்டணமா, வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தா?

தை அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் முழுகி, ஈர வேட்டியோடு கோயிலுக்கு நடக்கிறவர்களைக் கார்கள் ஹாரன் அடித்து ஒதுக்குகின்றன. பார்க்க மனசு கேட்கவில்லை. இதைக் குறைக்க இரண்டு வழி: ஊருக்குள் வரும் காருக்குக் கட்டணம் வைப்பது, அல்லது காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்களைப் பேருந்தில் கூட்டிவருவது.

பலன்
கட்டணம்: லண்டனில் நகர மையத்துக்குள் வரும் காருக்கு 2003-ல் நாளுக்கு 5 பவுண்டு வைத்தார்கள், 2020-ல் அது 15 பவுண்டு ஆனது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-ல் இப்படிக் கட்டணம் வைத்துச் சோதித்தபோது வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சரி, அங்கே காரை விட்டால் ஏற மெட்ரோ இருக்கிறது. இங்கே?
பேருந்து: கார் ஊருக்குள் வரவே வராது.

செலவு
கட்டணம்: கேமரா போதும், வசூலும் வரும்.
பேருந்து: நிலம், கழிப்பறை, ஓட்டுநர் சம்பளம்.

சிரமம் யாருக்கு
கட்டணம்: வசதியுள்ளவர் கட்டிவிட்டு வந்துவிடுவார். தீவுக்குச் சாலை வழி 1988-ல் திறந்த பாம்பன் பாலம் ஒன்றுதான். மீன் வண்டிக்கும் உள்ளூர் ஆட்டோவுக்கும் விலக்கு தராவிட்டால் அது அநியாயம்.
பேருந்து: மூட்டையோடு வரும் பாட்டிக்குப் படி உயரம். தாழ்தளப் பேருந்துதான் வேண்டும்.

அமாவாசை, தொடர் விடுமுறை என்றால் பேருந்துதான், சந்தேகமில்லை. சாதாரண வாரக் கடைசிக்குக் கட்டணம் வைக்கலாம், ஆனால் அந்தப் பணம் பேருந்துக்கே போகவேண்டும்.