காணாமற்போன ஆடு: மத்தேயு 18-ஆ, லூக்கா 15-ஆ?

நூறு ஆடு, தவறியது ஒன்று: இயேசு சொன்ன இந்த உவமை பைபிளில் மத்தேயு, லூக்கா என்ற இரண்டு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. உவமை ஒன்றுதான், ஆனால் பிரசங்கத்துக்கு எதை எடுப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டையும் கலந்து சொன்னால் இரண்டுமே கெடும்.

கேட்டவர்கள்: மத்தேயுவில் சீஷர்கள். லூக்காவில், பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயரும் (யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள்) வேதபாரகரும் (அதைப் போதித்தவர்கள்).

ஆடு: மத்தேயுவில் வழிதப்பி அலைகிறது. லூக்காவில் காணாமலே போய்விட்டது.

தேடல்: இங்கேதான் கவனம் வேண்டும். மத்தேயுவில் 'கண்டுபிடித்தால்' என்கிறார், கிடைக்காமலும் போகலாம். லூக்காவில் 'கண்டுபிடிக்குமளவும்'. அங்கே மேய்ப்பன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறான். தோள் காட்சி மத்தேயுவில் கிடையாது. ஞாயிறு பள்ளிப் படங்களால் வந்த குழப்பம் இது.

அடுத்து வருவது: மத்தேயுவில், தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, கடைசியில் சபையிடம். லூக்காவில் காணாமற்போன காசின் உவமை, பிறகு வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய இளைய மகனின் உவமை.

சபையை விட்டு ஒதுங்கியவரைத் தேடிப் போகும் மூப்பர்களுக்கு மத்தேயு. 'இவனெல்லாம் உள்ளே வரலாமா' என்று முகம் சுளிக்கும் கூட்டத்துக்கு லூக்காதான். அதிலும் 32-ஆம் வசனம்வரை வாசிக்க வேண்டும், தம்பியை வரவேற்றதற்காகக் கோபித்து மூத்த மகன் வெளியே நிற்கிறானே!